எண்ணெய் குடித்த கல்

நைனா,

என் விரல்களில் சீயக்காய் வாசனை போகவில்லை. தலைக்குப் போட்டதல்ல, உன் தீட்டுக்கல்லுக்குப் போட்டது. மூன்று தடவை தேய்த்துக் கழுவிவிட்டேன். இன்னும் தண்ணீர் விட்டால் வாழையிலை மேல் நிற்பது போல உருண்டு நிற்கிறது. அம்மாவும் மாமாவும் தூங்கிவிட்டார்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளித்து எழுதுகிறேன். உடம்பெல்லாம் அசதி. ஆனால் பயத்தில் தூக்கம் வரவில்லை.

நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. சலூனை அம்மாவின் தம்பி, மாமாதான் பார்த்துக்கொள்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் புது பிளேடு மாற்றச் சொல்கிறார்கள். சனிக்கிழமைதோறும் வரும் வாத்தியார் மாதிரி நாலைந்து பேர்தான் இன்னும் உன் பழைய சவரக்கத்தியைக் கேட்கிறார்கள்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கத்திகளை வரிசையாக வைத்துத் தீட்டினாய். மாமாவும் ஒன்றை எடுத்துத் தப்பாகப் புரட்டினார்.

"இன்னாடா, கத்தி தீட்டுறியா, தோச திருப்புறியா? கத்தி முதுகு மேல பொரட்டுடா" என்றாய்.

"தோசயா இருந்தா இன்னேரம் ரெண்டு துன்னுக்கினு இருப்பேன் மாமா!" என்றார் உன்னிடம்.

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து எஸ்.டி.டி. பூத் அக்கா எட்டிப் பார்த்தார்.

இந்த வருஷம் உன் கத்திப் பெட்டியைத் துடைக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கத்தரிக்கோல் தீட்டும் சின்னக் கல்லுக்குத்தான் எண்ணெய். கத்தி தீட்டும் பெரிய கல்லுக்குத் தண்ணீர் மட்டும். நீ செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் சாமிக்கு முன்னால் பெரிய கல் மட்டும் வெளுத்துப்போய் இருப்பது பிடிக்கவில்லை. தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். கோயில் சிலை மாதிரி கறுத்து மின்னியது. சந்தனம் குங்குமம் வைத்தேன். "உங்க நைனா வெச்ச மாதிரியே கீதுடி" என்றாள் அம்மா. பெருமையாக இருந்தது. ராத்திரி முழுக்கக் கல் எண்ணெயைக் குடித்திருக்கிறது.

எண்ணெய் ஊறிய கல் இரும்பைப் பிடிக்காது. பூஜை முடிந்து மாமா தீட்டியபோது கத்தி வழுக்கிக்கொண்டு போனது. திரும்பத் திரும்பத் தீட்டினார். தோல்வாரில் இழுத்துப் பதம் பார்த்தார். உன் கல்லை அவர் சந்தேகப்படவில்லை. தன் கையைத்தான் சந்தேகப்பட்டார்.

சனிக்கிழமை நான் டீ கொண்டுபோனபோது வாத்தியார் நாற்காலியில் இருந்தார். மொக்கைக் கத்தி முடியை இழுத்தது. மாமா கொஞ்சம் அழுத்தினார். தாடையில் நீளமாக ரத்தம். மாமா படிகாரத்தை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, கன்னத்துல கோலம் போட்டுட்டே! ஆத்துல கேட்டா நான் என்ன சொல்றது?"

வாத்தியார் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

இன்று சாப்பிடும்போது மாமா அம்மாவிடம் சொன்னார். "கை போச்சுக்கா. மாமா கை வேற, என் கை வேற. ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு பட்டறைல வாட்ச்மேன் வேலைக்குக் கூப்புடுறாங்க. நாளைக்குக் காலீல போய், வரேன்னு சொல்லிடப்போறேன்."

"அப்ப கட?"

"பூட்டிடலாம்."

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கல்லுக்கு எண்ணெய் தேய்த்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். மாமா அடிக்க மாட்டார், அது தெரியும். உன் கை தேய்த்துத் தேய்த்து வழவழப்பான கல்லை நான் கெடுத்துவிட்டேன் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதுதான் பயம்.

ஒரு தரம் நீ ஒருவர் காதோரம் லேசாகக் கீறிவிட்டாய். அவர் கவனிக்காமல் எழுந்து ரயிலுக்குப் போய்விட்டார். நீ மாம்பலம் ஸ்டேஷன் வரை ஓடி, சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாய். "அவருக்கே தெரில, ஏன் நைனா போய்ச் சொன்னே?" என்று கேட்டேன். மூச்சிரைக்க, "எனக்குத் தெரியும்ல" என்றாய். அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கு என்னைத் தூங்கவிடாமல் உட்கார வைத்திருக்கிறது.

மாமா ஐந்தரைக்குக் குழாயடிக்குப் போவார். கூடவே போய்ச் சொல்லிவிடுகிறேன். "மாமா, உன் கை போகல. கல்லுக்கு எண்ணெ தேச்சது நான்." அம்மா அழுவாள். அழட்டும். நீ விட்டுப்போன கல் போனால் போகட்டும். மாமாவுக்கு அவர் கை திரும்பக் கிடைக்கட்டும்.