கோட்டுக்குப் பிறகு வரும் வார்த்தை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம்தானே? இங்கே நான் இருக்கிறேன், அப்பா இருக்கிறார். இப்போதைக்கு அதுவே பெரிய விஷயம்.

நீ அனுப்பிய கோட்டு வந்து சேர்ந்தது. முழங்கால் வரை தொங்குகிறது, உள்ளே கம்பளி வேறு. இங்கே ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் வேர்த்து ஊற்றுகிறது. மாடிவீட்டு நர்ஸம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஐயாவை எந்தப் பனிமலைக்கு அனுப்பப் போறீங்க என்று கேட்டாள். அதற்கு முன்னால் நீ அனுப்பிய கட்டிலைப் போட்டதிலிருந்து பீரோக் கதவு பாதிதான் திறக்கிறது. கோபப்படாதே. அப்பா கேட்டுவிட்டார் என்று நினைத்து ஓடி ஓடி வாங்கி அனுப்புகிறாய். உன் மனசு எனக்குத் தெரியாதா?

ஆனால் அவர் கட்டிலும் கேட்கவில்லை, கோட்டும் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பேச்சுதான் போனதே தவிர, அவருக்குப் பாம்புக்காது.

முன்னறையில் அவர் நடத்திய இங்கிலீஷ் வகுப்பை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரே இரண்டு இங்கிலீஷ் எழுத்தில் தொடங்கும் வார்த்தைகளை ஒரு கொத்தாகக் கட்டி, வரிசை மாறாமல் சொல்லுவார். அவர் வார்த்தையைச் சொல்ல, பிள்ளைகள் அர்த்தத்தைக் கத்த வேண்டும். அர்த்தம் வராமல் அடுத்ததற்குப் போகவே மாட்டார். நீதான் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் முந்திக் கத்துவாய். சமையலறையில் கேட்டுக் கேட்டே எனக்கும் பாதி மனப்பாடம்.

பக்கவாதம் வந்து தமிழைச் சுத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டது. என் பேரும் வரவில்லை, உன் பேரும் வரவில்லை. மிஞ்சியது அந்தக் கொத்துகள்தான். வேண்டிய வார்த்தையை மட்டும் தனியாக எடுக்க அவரால் முடியாதாம், கொத்தின் முதலிலிருந்து தொடங்கித்தான் அதற்கு வந்து சேர வேண்டுமாம். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் சொன்னாள்.

தாகம் எடுத்தால் 'வால்' என்பார். நான் சுவர் என்று சொல்ல வேண்டும். 'வாஷ்' என்பார். கழுவு என்பேன். 'வாட்ச்', கடிகாரம். அதற்கப்புறம்தான் 'வாட்டர்'. அதோடு நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். எதில் நிறுத்துகிறாரோ அதுதான் அவருக்கு வேண்டியது. நடுவில் குறுக்கே பேசினாலோ பதில் சொல்லாமல் விட்டாலோ போச்சு, மறுபடி சுவரிலிருந்து ஆரம்பம். அவர் தண்ணீருக்கு வந்து சேர்வதற்குள் என் தொண்டை வறண்டுவிடுகிறது. அவருக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர்.

சிரிப்பாகத்தான் இருக்கும் உனக்கு. நாள் முழுக்க இதே பாட்டு. அடுப்படியில் நின்றும் அர்த்தம் சொல்கிறேன், துணி பிழிந்துகொண்டும் சொல்கிறேன். சில நேரம் அலுத்துப்போய், போதும் சாமி, ஆளை விடுங்க என்று கத்திவிடுகிறேன். அவர் முகம் சுருங்கிப்போகிறது. பிறகு பாத்திரம் தேய்க்கிற சாக்கில் நான் அழுகிறேன்.

உன் போன் வந்தால் மட்டும் அவர் வேறு எந்தக் கொத்தையும் தொடுவதில்லை. சி, ஓ-வில் தொடங்கும் கொத்துதான்; 'காட்' என்றுதான் ஆரம்பிப்பார். முதல் தடவை, கட்டிலா அப்பா, இதோ வாங்கிடலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அடுத்த தடவை நான் பக்கத்திலிருந்து அர்த்தம் சொல்லச் சொல்ல 'கோட்டு' வரை வந்தார். உடனே அனுப்பறேன் என்று வைத்துவிட்டாய். போன ஞாயிறு மறுபடியும் அதையே தொடங்கினார். உனக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டுதான் வந்துடுச்சே, திரும்பத் திரும்ப அதையே கேக்கறாரே, அப்பாவுக்கு என்னை அடையாளமே தெரியலை, வந்து என்னம்மா பண்ணப் போறேன், டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன் என்றாய்.

நீ வைத்த பிறகும் அவர் விடவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு 'காட்' என்றார். எனக்கு எழுந்து போகத்தான் தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்து பதில் சொன்னேன். கட்டில். குளிர். மேலங்கி. நாணயம். சீப்பு. சீப்பைத் தாண்டி அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போனோம். 'கம்' என்றார். நிறுத்திவிட்டார்.

வா என்று அர்த்தம் சொன்னேன். பக்கத்துலதானே இருக்கேன், இன்னும் எங்க வர்றது என்றும் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்து என் கையில் வைத்தார்.

உன் குரல் கேட்கும்போதெல்லாம் அந்த ஒரே கொத்தைத் தேடி எடுக்கிற மனுஷனுக்கு உன்னைத் தெரியவில்லை என்று சொல்லாதே, கண்ணு.

டிக்கெட்டை இன்னும் கேன்சல் செய்யாமல் இருந்தால் அப்படியே விட்டுவை. இந்த ஞாயிறு போன் செய்யும்போது கையில் வேறு வேலை வேண்டாம். அவர் சொல்லச் சொல்ல நீ அர்த்தம் சொல்லு. சின்ன வயதில் மாதிரி முந்தாதே. சீப்பு வரைக்கும் எங்கேயாவது தடுமாறினால் நான் எடுத்துக் கொடுக்கிறேன். கடைசி வார்த்தைக்கு மட்டும் நான் வாய் திறக்க மாட்டேன். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கும் ஒரு நாளாவது எதற்கும் அர்த்தம் சொல்லாமல் தூங்க வேண்டும் போலிருக்கிறது.

எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

உன் வழி பார்த்திருக்கும்,
அம்மா, அப்பா