தம்பியை வேலைக்கு எடுக்காத வருடம்

ஏப்ரல் 21, 2025

வந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் இன்று படித்து முடித்தேன். கண் எரிகிறது. எல்லோருக்கும் சவால்கள் பிடிக்கும், எல்லோரும் குழுவாக வேலை செய்வதில் வல்லவர்கள், எல்லோரும் புதுமையைத் தேடுகிறவர்கள். ஒரே மெஷினிடம் எழுதி வாங்கியது என்று பார்த்தவுடனேயே தெரிகிறது. பெயரை மாற்ற மறந்து அடுத்தவன் பெயரோடு அனுப்பியவன்கூட ஒருவன் உண்டு.

ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். கடையநல்லூர் முஹ்ஸினா. பி.காம்., இரண்டு வருடம் டிராவல்ஸில் விமான டிக்கெட் போட்டிருக்கிறாள். மொழித்திறன் என்ற இடத்தில் "இங்கிலீஷ் பேசுவேன், ஆனால் மெதுவாக" என்று எழுதியிருந்தாள். சிரித்துவிட்டேன். ஒரு மனுஷி எழுதியது.

ஒன்பது வருடம் சென்னையில் ஆள் எடுத்தவள் நான். தென்காசியில் கிளை திறக்கிறார்கள் என்றதும் நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வெளிநாட்டு ஹோட்டல்களுக்கு முன்பதிவும் புகாரும் பார்க்கிற வேலை. இதற்கு இங்கேயே ஆள் கிடைக்கும் என்று தலைமை அலுவலகத்தில் சொன்னது நான்தான். கிடைக்காவிட்டால் ஆறு மாதத்தில் மூடிவிடுவார்கள். கிடைக்கும்.

ஏப்ரல் 23

கிளை மேலாளர் விஜயசங்கர் சாரோடு வாக்குவாதம். மதுரைக்காரர், நல்ல மனிதர், எதற்கும் அவசரம். வாடிக்கையாளர் கேட்பது குரலை மட்டும்தான், அதனால் இங்கிலீஷ் சரளமாக வருகிறவர்களை முதலில் எடுப்போம் என்கிறார்.

சென்னையில் மூன்று மாதத்தில் எங்களைத் தலைகுனிய வைத்துவிட்டுப் போனவர்கள் யாரும் இங்கிலீஷ் தெரியாதவர்கள் இல்லை என்று சொன்னேன். தெரியாததைத் தெரியும் என்று தலையாட்டியவர்கள், தப்பை மூடி வைத்தவர்கள், பக்கத்து நாற்காலிக்காரன் சொல்வதைக் காதில் வாங்காதவர்கள். மொழியை நாம் சொல்லிக் கொடுத்துவிடலாம். இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பாதி இறங்கி வந்தார். நேர்முகத்துக்கு முன்னால் நான்கு நான்கு பேராக ஒரு குழு வேலை கொடுத்துப் பார்க்கச் சம்மதித்தார்.

ஏப்ரல் 26

புவனேஷும் விண்ணப்பித்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. பட்டியலில் பெயரைப் பார்த்து, வேறு யாரோ என்று நினைத்து, முகவரியில் எங்கள் சுரண்டை வீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என் தம்பி! பி.இ. முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறான். மேடை ஏறினால் மைக்கை யாரும் அவனிடமிருந்து வாங்க முடியாது, அப்படிப் பேசுவான்.

அம்மா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். "ஒங்க ஆபீஸ்தானட்டி, ஒரு வார்த்த சொல்லிப்பிடு."

நான் பதில் சொல்வதற்குள் அவனே சொன்னான், "நீ ஒண்ணும் சொல்லாண்டாம்க்கா. நானே உள்ள வந்துருவேன்."

பெருமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 28

விஜயசங்கர் சாரிடம் சொல்லிவிட்டேன். தம்பிக்கு மதிப்பெண் அவரே போடுவார். நான் அறையை மட்டும் பார்த்துக்கொள்வேன்.

மே 7

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

குழு வேலை. ஒரு ஹோட்டலில் இருக்கிற அறைகளைவிட அதிகமாக முன்பதிவு எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வருகிற பன்னிரண்டு பேருக்கு அறை இல்லை. என்ன செய்வீர்கள்? அரை மணி நேரம். பிறகு ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும்.

புவனேஷும் முஹ்ஸினாவும் ஒரே மேசையில் அமைந்தார்கள். நான் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டே மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தேன். அவர்கள் மேசையில் எவ்வளவு தள்ளுபடி கொடுக்கலாம், எந்த ஹோட்டலுக்கு அனுப்பலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. முஹ்ஸினா சொன்னாள், அவர்கள் இன்னும் வழியில்தானே இருக்கிறார்கள், வந்து நின்ற பிறகு சொல்வதைவிட இப்போதே போன் செய்து சொல்லிவிடலாம், யாரால் மாறிக்கொள்ள முடியும் என்று அவர்களிடமே கேட்கலாம், குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு இருக்கிற அறையை வைத்துக்கொள்ளலாம். யாரும் கவனிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னாள். இந்தத் தடவை புவனேஷ் திரும்பினான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சட்டென்று பிடித்துக்கொள்வான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பேச எழுந்தவனும் அவன்தான். "நான் யோசித்தது என்னவென்றால்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தான்.

நான். நாங்கள்கூட இல்லை.

பிரமாதமாகச் சொன்னான், அதில் சந்தேகமே இல்லை. விஜயசங்கர் சார் இன்று போட்ட மதிப்பெண்களிலேயே பெரியதை அவனுக்குப் போட்டார். முஹ்ஸினா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அம்மா சந்தோஷப்படுவாள். அவனும் திறமைசாலிதான், பொய்யில்லை. ஆனால் குழு வேலை வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியது நான். கண்ணால் பார்த்ததை மறைக்கிறவளுக்கு அடுத்தவர் நேர்மையைச் சோதிக்க என்ன வேலை?

சாரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க தம்பி, நிவேதா. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான் சொல்லுதேன் சார்."

இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். நடந்ததைப் பிறகு என்னிடம் சொன்னார். புவனேஷ், அது டீமோட ஐடியா என்றானாம். முதலில் சொன்னது யார் என்று கேட்டதற்கு, சரியாக ஞாபகம் இல்லை என்றானாம். முஹ்ஸினா சொன்னதை அவள் பேசிய மாதிரியே சொல்லிக் காட்டினார்: "சொன்னது நான்தான் சார். ஆனா நான் சொன்னப்ப யாருக்கும் ஏறல. அவுக சொன்னப்பதான் எல்லாருக்கும் வெளங்குச்சு. அதையும் சேத்து எழுதிக்கிடுங்க."

அந்த இடத்திலாவது அவன் அந்தப் பெண்ணைக் கை காட்டியிருந்தால் இரண்டு பேரையும் எடுத்திருப்பேன் என்றார் சார்.

முஹ்ஸினா உள்ளே. புவனேஷ் இல்லை.

மே 8

நான்தான் சொன்னேன் என்று நானே அவனிடம் சொல்லிவிட்டேன். வேறு யார் வாயாலோ அவனுக்குத் தெரியக்கூடாது.

கத்தவில்லை அவன். கத்தியிருந்தால் தேவலை. "சென்னைக்காரன்ட்ட ஒன் பேரக் காப்பாத்திக்கிட என்னைய வெட்டி விட்டுட்ட" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அம்மா அழுதாள். கூடப் பொறந்தவனுக்கே செய்யாதவ ஊருக்கா செய்யப் போறே என்று கேட்டாள். நான் அவனுக்கு ஒண்ணும் கெடுதல் பண்ணலயே. அவன் பண்ணத பாத்தேன், சொன்னேன், அவ்வளவுதான? ஏன் எல்லாரும் என்னையவே பாக்காங்க? அந்தப் பிள்ளையும் ஒரு வீட்டுப் பிள்ளைதான!

அப்பா தன் காய்கறிக் கமிஷன் கடைக்குக் கிளம்பும்போது, பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீ போ என்றார்.

மே 9

அம்மா சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மே 12

அவன் சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் பெயருக்காகத்தான் செய்தேனா? தம்பி என்பதால் கூடுதலாகக் கறாராக இருந்துவிட்டேனா? வேறொரு பையன் அப்படிச் செய்திருந்தால் சாரின் அறைவரைக்கும் போயிருப்பேனா?

சுரண்டையிலிருந்து தென்காசி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் இதையே யோசித்தேன். போயிருப்பேன். மத்தியானச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி இதை நோண்ட மாட்டேன்.

மே 30

புதியவர்களுக்குப் பயிற்சி ஓடுகிறது. முஹ்ஸினாவை வைத்து எல்லாம் சுகமாகப் போகிறது என்று எழுத முடியாது. எக்செல்லில் திணறுகிறாள். அழைப்பில் இவள் யோசித்துப் பேசுவதற்குள் ஒரு அம்மாள் போனை வைத்துவிட்டார். ஆனால் அதை அவளே வந்து சொன்னாள். பதிவைப் போட்டுக் கேட்டு, எந்த இடத்தில் நேரம் போனது என்றும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அவளிடம் ஒன்று சொன்னேன். அன்றைக்கு மேசையில் அவள் பேரிலும் குறை உண்டு. நல்ல யோசனையை முணுமுணுத்தால் அது கம்பெனிக்குப் பயன்படாது, சத்தமாகச் சொல்வதும் வேலையில் ஒரு பாதி.

"சரிக்கா. அடுத்த தடவ எந்திரிச்சு நின்னே சொல்லுதேன்" என்றாள். சொல்வாள்.

ஜூன் 10

புவனேஷ் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் உட்காரப் போகிறான். அப்பாவுக்குத் தெரிந்த ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் லாட்ஜ். சீசன் முடிகிறவரைக்கும். என்னிடம் சொல்லவில்லை, அம்மா போனில் பேசியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மாதமாகிறது அவன் என்னோடு பேசி.

ஜூன் 24

சாரல் பிடித்துவிட்டது. குடையே உதவாத சாரல். அலுவலகத்தில் இருபது பேரும் ஈரத் துணியோடு உட்கார்ந்து நார்வேக்காரனின் புகாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். புகார்கள் குறைந்துவிட்டன என்று சென்னையிலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல். போதும்.

ஜூலை 13

ஞாயிறு. அலுவலகப் பெண்கள் எல்லோரும் குற்றாலம் போனோம். பேரருவியில் தண்ணீர் அதிகமென்று குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் அப்படியே. மற்றவர்கள் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்க நின்றபோது நான் மட்டும் அந்த லாட்ஜுக்கு நடந்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது.

வரவேற்பு மேசை முன்னால் புனலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். இவர்கள் பணம் கட்டி வைத்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அந்த மனிதர் மலையாளத்தில் கத்துகிறார். புவனேஷ் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனால் அப்படி இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிது.

அவர் ஓய்ந்த பிறகு பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னான்: "தப்பு எங்க மேலதான் சார். நீங்க செங்கோட்டை தாண்டுததுக்கு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிருக்கணும். பண்ணல."

உள்ளேயிருந்து அறைகளைப் பார்த்துக்கொள்ளும் சங்கரபாண்டி என்பவர் வந்து அவன் காதில் ஏதோ சொன்னார். மாடியில் முதலாளி வந்தால் தங்குகிற அறை காலியாக இருக்கிறதாம். ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கேட்டு, அதைத் திறந்து கொடுத்தார்கள். போகும்போது அந்த மனிதர் புவனேஷின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

"எனக்கில்ல சார், இந்த அண்ணன் யோசிச்சது" என்று சங்கரபாண்டியைக் காட்டினான்.

அப்புறம்தான் தூணோரம் நின்ற என்னைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"நீ பாக்கேன்னு அப்பிடிச் சொல்லலக்கா. நீ நின்னதே எனக்குத் தெரியாது."

"தெரியும்லே" என்றேன்.

எதிர்க்கடையில் டீ குடித்தோம். மே மாதத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. ஒரு அறையில் பத்துப் பேர் தங்குகிற கூட்டத்தை எப்படிச் சமாளிக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தான், நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான்.

ஆகஸ்ட் 18

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கிளை நிலைக்கிறது! அடுத்த மாதம் இன்னும் ஆள் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

விருந்தினர் புறப்படும் முன்பே சிக்கலைச் சொல்லிவிடுவது என்று முஹ்ஸினா ஆரம்பித்து வைத்த முறையை அவளே விளக்கட்டும் என்று விட்டோம். எழுந்து நின்றாள். இங்கிலீஷ் இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் ஒருவரும் குறுக்கே பேசவில்லை. கேள்வி ஒன்றுக்கு, அந்தக் கணக்கு தன்னிடம் இல்லை, நாளைக்கு அனுப்புகிறேன் என்றாள். சென்னையிலிருந்து வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். விஜயசங்கர் சார் என்னைப் பார்த்தார். நான் என் டீயைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 24

அம்மா மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவையாவது அவனைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று. அவன் விண்ணப்பிக்கலாம், நான் தள்ளி இருப்பேன் என்றேன். லாட்ஜிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவனே வேண்டாம் என்றுவிட்டான்.

"ஒங்க ஆபீஸ் வேண்டாம்க்கா. உள்ள வந்தாலும் ஒன் தம்பிம்பாங்க, வராட்டாலும் ஒன் தம்பிம்பாங்க. நான் வெளிய பாக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் பட்டது.

செப்டம்பர் 16

புவனேஷுக்குக் கோயம்புத்தூரில் வேலை. ஹோட்டல்களுக்கு மென்பொருள் விற்கிற கம்பெனி. லாட்ஜ் அனுபவம்தான் உள்ளே கொண்டுபோயிருக்கிறது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவன் வாங்குகிறவனுக்கு என்ன தேவை என்று சொல்வான் என்று நினைத்திருப்பார்கள். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போனேன். நேர்முகத்தில், நீ தோற்ற கதை ஒன்று சொல் என்றார்களாம். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒங்க ஆபீஸ்ல நடந்ததத்தான் சொன்னேன். ஒண்ணும் விடல" என்றான். ஜன்னல் ஓரத்தில் இடம் பிடிக்க ஏறிவிட்டான். எங்கள் கம்பெனி பெயரைச் சொன்னாயா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் தலையைத் துவட்டிவிட்டாள். மழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

நவம்பர் 4

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது புவனேஷ் போன் செய்தான். குரலே சரியில்லை.

ஒரு தப்பு பண்ணிவிட்டானாம். ஒரு ஹோட்டலுக்குப் போக வேண்டிய விலைப் பட்டியலை இன்னொரு ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டான். இரண்டும் ஒரே ஊரில் போட்டிக்காரர்கள். யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன்.

"மேனேஜருக்குத் தெரியும். நான்தான் போய்ச் சொன்னேன், இப்பதான். நல்லா ஏசிட்டாரு. ரெண்டு பேருக்கும் நானே போன் போட்டுச் சொல்லணும்னுட்டாரு."

"அப்ப எனக்கு எதுக்குலே போட்ட?"

"சும்மாதான். அவங்கட்ட பேசுததுக்கு முன்னாடி ஒங்கிட்ட ஒரு தடவ பேசிக்கிடுவோம்னு."

சொல்ல நிறைய இருந்தது. எப்படி ஆரம்பிக்க வேண்டும், எதைச் சொல்லக் கூடாது, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"போ. மொதல்ல அங்க போடு. சாப்ட்டுட்டு அப்புறமா கூப்புடு" என்றேன்.

சரிக்கா என்று வைத்துவிட்டான்.

கை கழுவிவிட்டு வந்து, நேர்முகத்துக்காக வெளியே காத்திருந்த அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னேன்.