எனக்குத் தெரியல என்று சொன்னவள்

நேற்று பெரிய மார்க்கெட்டில் வாழையிலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து இனிப்புப் பாக்கு வாசம் வந்தது. திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே யாரென்று தெரிந்துவிட்டது. அவன்தான், உனக்கு நிச்சயம் செய்திருந்தவன். முன்வழுக்கை விழுந்திருக்கிறது, மெல்லுவதை மட்டும் விடவில்லை.

"நல்லா இருக்கியாம்மா? அவ தவறிட்டாளாமே. பாவம். நல்ல பொண்ணுதான், சின்ன விஷயத்தப் பெருசாக்கிட்டா. நீயாவது அன்னிக்கு நியாயமா நடந்துக்கின" என்றான். என்னைத் தன் கட்சி ஆளாக நினைத்துச் சிரித்தான்.

இலையைக் கடையிலேயே போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் இரண்டு முறை முகம் கழுவினேன். அருவருப்பு அவன்மேல் மட்டும் என்றால் கழுவியதில் போயிருக்கும்.

அப்போது நமக்கு இருபத்திரண்டு வயது. நெல்லித்தோப்பிலிருந்து கம்பெனி வேனில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போவோம். அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. நிச்சயமாகி மூன்றாவது வாரம் அவன் உன்னைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சுடிதார் கையை மேலே தள்ளிக் காட்டினாய். மணிக்கட்டைச் சுற்றி விரல் தடங்கள் கன்றியிருந்தன.

"வேணாம்னு மூணு வாட்டி சொன்னேன்டி. சிரிக்கிறான். கையத் தட்டிவிட்டா இறுக்கிப் புடிச்சிக்கினு, 'கட்டிக்கப் போறவன்கிட்ட வேணாம்னு என்ன பேச்சு'ங்கிறான். அந்தப் பாக்கு நாத்தம் இன்னும் மூஞ்சியிலயே இருக்கு."

"கட்டிக்கப் போறவன்தானே, விடேன்" என்றேன் நான்.

நீ டிபன் பாக்ஸை மூடிவைத்தாய். அன்று நீ சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிறு உங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று நீ சொன்னதற்குக் காரணம் கேட்டார்கள். ஒளிக்காமல் சொன்னாய். அவன் அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"இத நாலு பேர் முன்னால சொல்ல வெக்கமா இல்ல?"

"செஞ்சவருக்கு இல்லாத வெக்கம் எனக்கு எதுக்கு?"

உன் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். உன் பேச்சை அங்கே பலரும் நம்பவில்லை. நம்பியவர்களுக்கும் அது பெரிதாகப் படவில்லை. அப்போதுதான் என் பக்கம் திரும்பினாய்.

"நீ சொல்லுடி. என் கையில என்ன பார்த்த?"

என்னை அடுத்த மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். இந்தப் பேச்சில் என் பெயரும் அடிபடுமே என்று அந்த நொடியில் கணக்குப் போட்டேன்.

"எனக்குத் தெரியல" என்றேன்.

கதவோரம் நின்றிருந்த அவன் பாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

நீ அழவில்லை. மோதிரத்தைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாய். திங்கட்கிழமை வேனில் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். தெருவில் என்னென்னவோ பேசினார்கள். உன் அம்மா ஒரு வருடம் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. நீ வேலைக்கு வந்துகொண்டே இருந்தாய். பிடித்தவரைப் பிறகு நீயே தேடிக் கட்டிக்கொண்டாய். 'கேட்டுட்டுதான் கையவே புடிப்பாருடி' என்று ஒருநாள் சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் வேன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்தக் கூடத்தைப் பற்றி நாம் ஒருநாளும் பேசவில்லை.

போன வருடம் மஞ்சள்காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு உங்க வீட்டுல நான்…"

நீ கண்ணைத் திறக்காமலே, "வேணாம்" என்றாய்.

சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கும். கேட்க வேண்டியவள் நீ. உனக்கு அது வேண்டாம். வாயை மூடிக்கொண்டேன். நான்காம் நாள் நீ போய்விட்டாய். கேட்காத அந்த மன்னிப்பு என்னிடமே நின்றுவிட்டது. இருக்கட்டும். நீ வேண்டாம் என்றதை நான் மதித்தது அந்த ஒரு முறைதான்.