ட்சேலிசோ மேய்ச்சலுக்கு ஏறுமுன் அவர் இரத்தத்தை எண்ணித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
மாலினேயோ, வயது 41,
நான்காம் மருந்துக் குழு,
ஹா ட்லாலி மலைக் கிராமம், லெசோத்தோ.

பெறுநர்:
மாவட்ட நலவாழ்வு அலுவலர் அவர்கள்.

பொருள்: எச்.ஐ.வி. சிகிச்சையில் உள்ள என் கணவரின் எதிர்ப்புச் சக்தி அணுக்களை மீண்டும் எண்ணவும், நிறுத்திய வெள்ளை மாத்திரையைத் திரும்பத் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு மே மாதம் என் கணவர் ட்சேலிசோவைக் குதிரையில் கட்டிவைத்துத்தான் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசென்றேன். எண்ணிக்கை முப்பத்தொன்று என்றார்கள். அன்றே காசநோய்ச் சோதனையும் செய்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. சில நாளில் சிகிச்சை தொடங்கியது.

2. ஐந்தாம் வாரம் அவர் கழுத்தில் உருளைக்கிழங்கு அளவுக்கு வீக்கம் வந்தது, காய்ச்சலும் அடித்தது. மருந்துதான் கொல்கிறது என்று நினைத்து மாத்திரைப் புட்டியை மாவு மூட்டைக்குள் ஒளித்தேன். செவிலியர் கெனைலோ அம்மையார் மலையேறி வந்து, "மருந்து கொல்லலம்மா. தூங்கிக்கிட்டிருந்த அவரோட சிப்பாய்ங்க இப்பத்தான் முழிச்சிருக்காங்க. உள்ளே ஒளிஞ்சிருந்த காசநோயக் கண்டுட்டு அடிக்கிறாங்க. புட்டிய எடு" என்றார். எடுத்தேன். காசநோய்க்கும் மருந்து கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. நவம்பரில் எண்ணிக்கை தொண்ணூற்றாறு. எச்.ஐ.வி. கிருமி சோதனையில் தட்டுப்படவே இல்லை. அன்று என் கணவர் இரண்டு தட்டுக் களி தின்றார், ஐயா. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

3. பிறகு அவரை, நானும் மருந்து வாங்கும் எங்கள் அறுவர் குழுவில் சேர்த்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் போய் அனைவருக்கும் மாத்திரை வாங்கி வருவது வழக்கம். எங்கள் குதிரை திடமானது என்பதால் இவ்வாண்டு மூன்று முறையும் நானே போனேன்.

4. தவறு என்னுடையது, மறைக்க விரும்பவில்லை. கெனைலோ அம்மையார் மாற்றலாகிப் போனபின் வந்த செவிலியர் மார்ச் மாதம், "வீட்டுக்காரர் எப்படியிருக்கார்?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் சாகக் கிடப்பவரைப் பற்றிக் கேட்டாலும் நன்றாக வாழ்கிறார் என்பதுதான் மரியாதை. வரிசையில் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "நல்லா வாழ்றாருங்க" என்றேன். செவிலியர் 'குறையில்லை' என்று எழுதி, எண்ணிக்கை இருநூறைத் தாண்டும்வரை வேறு நோய் தொற்றாமலிருக்கத் தரவேண்டிய வெள்ளை மாத்திரையை நிறுத்திவிட்டார். ஜூனிலும் செப்டம்பரிலும் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

5. உண்மை நிலை: ஊற்றுக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் நிற்கிறார். நின்றால் மலையை ரசிப்பதாகச் சொல்கிறார். இருபது ஆண்டாக இல்லாத ரசனை. விலா எலும்பை நான் பார்க்கக் கூடாதென்று வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறார். ஆகஸ்ட் முதல் இருமல். இரத்தம் எண்ணிப் பார்க்கலாம் என்றால், "சிப்பாய்ங்க முழிச்சாச்சுன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. நீ என்ன, தளபதியா?" என்கிறார். நிலையத்தில் கேட்டேன். கிருமி தென்படாதவர்க்கு மறுபடி எண்ணுவதில்லை, மாவட்ட உத்தரவு வேண்டும் என்றார்கள். சிப்பாய்கள் விழித்தது மெய்தான். எத்தனை பேர் என்பதே என் கேள்வி.

6. நவம்பர் பத்தாம் தேதி அவர் செம்மறிகளுடன் மேல் மேய்ச்சலுக்குப் புறப்படுகிறார். அங்கே கல் குடிசை, குளிர், நான்கு மாதத் தனிமை. இருமல் முற்றினால் தூக்கிவர ஆளில்லை.

ஆகவே, அதற்குள் அவர் இரத்தத்தை எண்ணவும், இருமலைச் சோதிக்கவும், வெள்ளை மாத்திரையைத் தரவும் உத்தரவிட வேண்டுகிறேன். குழுவினரைப் பற்றி விசாரிக்கையில், ஊற்றுவரை நிற்காமல் நடக்கிறாரா, களித்தட்டு காலியாகிறதா என்று கேட்கும்படியும் நிலையத்துக்கு அறிவுறுத்துங்கள். அப்படிக் கேட்டால் எங்களுக்கு மழுப்பத் தெரியாது.

எண்ணிக்கை எதுவானாலும் தாங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். குறைவாக இருந்தால் ஆடுகளை நான் ஓட்டிக்கொண்டு மேலே போகிறேன். எங்கள் ஊரில் பெண்கள் மேய்ச்சல் குடிசைக்குப் போவதில்லை. போனால் ஊரே சிரிக்கும், அவருக்குக் கோபம் தலைக்கேறும். நான் இறங்கி வரும்போது வாசலில் நின்று என்னைத் திட்ட அவர் இருக்க வேண்டும், ஐயா. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இடம்: ஹா ட்லாலி
நாள்: அக்டோபர் 14

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
மாலினேயோ
(குழுவின் மற்ற நால்வரும் கீழே ஒப்பமிட்டுள்ளனர். என் கணவருக்கு இம்மனு தெரியாது.)