யாருக்காக வேண்டிக்கொள்வது?

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? "நாளைக்கு உன் பசங்க ஜெயிக்கணும்னு வேண்டிக்கவா, தோக்கணும்னு வேண்டிக்கவா?" என்று போனில் கேட்டாயே, இன்னும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேண்டுதலில் எனக்கு நம்பிக்கையில்லை என்பது வேறு விஷயம்.

நாளை கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டம். தோற்றால் எங்கள் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும், வருமானம் குறைந்துவிடும். மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்ள, அதற்கென்றே படித்த என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கமாட்டார்கள், வீட்டுக்கு வந்துவிடுவேன். தப்பித்தால் இன்னும் இரண்டு வருடம் இங்கேதான்.

இன்று மாலை ஒரு வேடிக்கை. கோல் பக்கம் வெயில் விழாததால் அங்கே பெரிய மஞ்சள் விளக்குகளை வைத்துப் புல் வளர்க்கிறோம். கதகதப்பாக இருக்கிறதே என்று உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். கனவில் மைதானமே நம் வீட்டுக் கூடமாகிவிட்டது. நடுவட்டத்தில் உட்கார்ந்து நீ எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாய். கோல்கீப்பர்தான் எழுப்பினான்.

"என்னக்கா, கோல் கோட்டு மேலயே படுத்துட்டீங்க? நாளைக்கும் இப்படியே படுங்க, ஒரு பந்து உள்ள போகாது!"

உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. நீ போர்த்திக்கொள்ளும் என் பழைய போர்வையைக் கேட்டிருந்தேனே, இப்போது அனுப்ப வேண்டாம். முடிவு தெரியட்டும்.

மறுநாள், தபாலில் சேர்க்குமுன்:

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. கிடைத்த ஒரு புள்ளியில் அணி தப்பித்துவிட்டது. கடைசி நிமிடத்தில், நான் தூங்கிய இடத்தை நோக்கிப் பந்து மெதுவாக உருண்டு வந்தபோது, "பிடிடா!" என்று எழுந்து நின்று கத்தியது நான்தான்.

போர்வையை அனுப்பிவிடு, அம்மா. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

உன் மகள்