ஒரே எண்ணில் குடியிருப்பவர்கள்

ஜூன் 9, திங்கள்

அபியை முத்தியால்பேட்டை குழந்தைகள் காப்பகத்தில் விட்ட முதல் நாள். என் துப்பட்டாவை விடவில்லை. கலைவாணி டீச்சர் விரல் விரலாகப் பிரித்தார். "திரும்பிப் பாக்காம போங்க அபி அம்மா. பாத்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம்." திரும்பிப் பார்த்தேன்.

பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கும் தவளக்குப்பம் ஆபீஸில் வேலைக்குச் சேரச் சம்மதித்ததே காப்பகத்தில் கேமரா இருக்கிறது என்பதால்தான். போனில் இணைப்பைத் தட்டி பாஸ்வேர்டு போட்டால் குழந்தை தெரியும். இன்று பில் போட்டுக்கொண்டே பார்த்தேன். ஓரமாக உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான்தான் —

ஜூன் 10

மதியம் தூங்கினாள். பார்த்தேன்.

ஜூன் 11, புதன்

கேமரா இணைப்பில் பெயர் இல்லை. வெறும் எண்கள், நடுவில் புள்ளிகள். ஐபி முகவரி, இணையத்தில் ஒரு கணினியின் விலாசம் — கல்லூரியில் படித்தது. ஓர் ஐபியில் எந்தெந்த இணையதளங்கள் இருக்கின்றன என்று காட்டும் தளங்கள் உண்டு. சும்மா அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். காப்பகத்தின் பெயர் வந்தது. அதோடு ஒரு லாட்ஜ், ஒரு பைக் மெக்கானிக், வைத்திக்குப்பத்தில் மீனுக்கு ஐஸ் விற்கும் கடை, இன்னும் சில.

என் குழந்தையும் லாட்ஜும் ஒரே முகவரியிலா? வீட்டுக்காரரிடம் காட்டினேன். நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "போன வாரம் கொசு. அதுக்கு முன்னாடி காய்ச்சல். இப்ப லாட்ஜா குழலி?" என்று ஹெல்மெட்டை மாட்டினார்.

ஜூன் 12, வியாழன்

பூர்ணிமாவுக்குப் போன் செய்தேன். என்னோடு பி.சி.ஏ. படித்தவள், சென்னையில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சிரித்தாள்.

"ஏண்டி, படிச்சதயெல்லாம் எக்ஸாம் ஹால்லயே விட்டுட்டு வந்துட்டியா? ஒரு சர்வர்ல நூறு சைட் இருக்கும், எல்லாத்துக்கும் அதே ஐபிதான். அந்த லிஸ்டும் முழுசா இருக்காது, பழசும் கலந்து கிடக்கும். அபார்ட்மென்ட் மாதிரி நெனச்சுக்க. கீழ்வீட்டுக்காரன் உன் வீட்டுக்குள்ள வந்துடுவானா? சாவி உங்கிட்டதானே இருக்கு?"

நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

சாவி. அந்த ஒரு சொல் விடவில்லை. காப்பகத்தின் பாஸ்வேர்டு ஊர்ப் பெயரும் 123-உம். இது டீச்சர் வைத்ததா, கேமரா மாட்டியவன் வைத்ததா? அவன் வைத்ததென்றால் அவன் கேமரா மாட்டிய எல்லாருக்கும் இதேதானா?

செய்யக்கூடாதுதான். செய்தேன். ஐஸ் கடையின் தளத்தைத் திறந்தேன்; அதிலும் கேமரா பார்க்கும் பக்கம் இருந்தது, அதே பாஸ்வேர்டைப் போட்டேன்.

திறந்துகொண்டது.

பனியனோடு ஒருவர் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். ஒரு பெண் கூடையை இறக்கிவிட்டு முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். யாரோ பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சட்டென்று மூடினேன். அப்ப இதே மாதிரி எவனோ எங்கயோ உக்காந்து எம் பொண்ணு தூங்குறத, துணி மாத்துறத —

ஜூன் 14, சனி

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே முகிலனை வரச் சொன்னார். கேமரா மாட்டியவன் அவன்தான்.

"எல்லாருக்கும் அதே பாஸ்வேர்டுதாங்க்கா போடுறது. வேற வேற குடுத்தா மறந்துட்டு ஞாயித்துக்கிழமையில போன் பண்றாங்க."

"அப்ப லாட்ஜ்காரர் இந்தப் பிள்ளைங்கள பாக்கலாமா?"

"அவரு எதுக்குக்கா பாக்கப் போறாரு?"

டீச்சர் குறுக்கிட்டார். "நீ மொதல்ல கேமராவ கழட்டுப்பா."

"பாஸ்வேர்ட மாத்திட்டா போதும் டீச்சர்."

"மாத்துனாலும் புதுசு எத்தினி போன்ல போகும், யாரு யாருக்குக் குடுப்பாங்க, உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. கழட்டு."

ஏணி போட்டு ஏறினான். விஷயத்தைக் கொண்டுவந்தது நான்தான். ஆனாலும் ஸ்க்ரூவைத் திருகும்போது, வேண்டாம், இருக்கட்டும் என்று வாய்வரை வந்துவிட்டது. நான் இனிமே எப்படிப் பாக்குறது? மற்ற கடைகளுக்கும் இன்றைக்கே மாற்றிவிடு என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினான்.

ஜூன் 15, ஞாயிறு

"வேலைய விட்டுடவா?" என்று அவரிடம் கேட்டேன்.

அபிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். "உன் இஷ்டம். ஆனா கேமரா இருந்தப்பவும் நீ தவளக்குப்பத்துலதான் இருந்த."

கோபம் வந்தது. தட்டை அவர் கையிலிருந்து வாங்கி மீதிச் சோற்றை நானே ஊட்டினேன்.

ஜூன் 16, திங்கள்

அழுதாள். விட்டுவிட்டுப் போனேன். ஆபீஸில் கை தானாகப் போனை எடுத்து இணைப்பைத் தட்டியது. திறக்கவில்லை. மறுபடியும் தட்டினேன்.

ஜூன் 20

ஐஸ் கடைத் தளத்தில் பழைய பாஸ்வேர்டைப் போட்டேன். ஏற்கவில்லை. மாற்றிவிட்டான். இனி அந்தப் பக்கம் போகக்கூடாது.

ஜூன் 27, வெள்ளி

மாதக் கடைசி, ஆபீஸில் தலை நிமிர நேரமில்லை. பஸ் ஏறிய பிறகுதான் போன் ஞாபகமே வந்தது.

காப்பகத்து கேட் பாதி திறந்திருந்தது. உள்ளே அபி தரையில் உட்கார்ந்து வேறொரு குழந்தையின் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். இடது கால் செருப்பு, வலது காலில். அவளுக்குத் தெரியாமல் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று ஒதுங்கி நின்றேன். ஐஸ் கடைப் பெண் நினைவுக்கு வந்தாள்.

"அபி" என்று கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். அந்தச் செருப்பை மாட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தாள்.