காசுப் பெட்டி வந்த பிறகு

போன புதன்கிழமை, வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த மிதிவண்டியைப் போடலாம் என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் காயலான் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் எடை போடும்வரை நிற்கும்போது, பழைய மின்விசிறிகளுக்கு நடுவே அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஒன்றரைச் செங்கல் அளவு, சிவப்புப் பெயிண்ட், நெற்றியில் காசு போடும் பிளவு, பக்கத்துக்கொன்றாக இரண்டு பூட்டு. இடது மூலையில் ஜாக்கி லிவரால் அடித்த நசுங்கல்கள். நம் பஸ்ஸில் இருந்த பெட்டியேதான்.

கையில் எடுத்தேன். கடைக்காரர் சிரித்தார்.

"அத்த ஒடைக்க முடியலண்ணே. ரெண்டு சுத்தி ஒடஞ்சிபோச்சி. கேஸ் வெச்சித்தான் அறுக்கணும்."

கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். கையில் ஒட்டிய துருவாடை சோப்பு போட்டும் போகவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருஷத்தில் உனக்கு எதுவும் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

நாம் இருவரும் அந்த மினி பஸ்ஸில் ஏழு வருஷம் ஓடினோம். உத்திரமேரூரில் கிளம்பி, ஊர் ஊராக நுழைந்து மாகறல் போய்த் திரும்பும் வண்டி. நான் ஸ்டீயரிங், நீ பின்படி. என் முதுகுக்குப் பின்னால் உன் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். யார் வீட்டில் கல்யாணம், யாருக்குப் பல்வலி, எந்தக் கழனியில் நடவு, எல்லாம் உனக்குத் தெரியும். என்னை ஒரு நாளும் நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நைனா" என்பாய். நீ ஒரு விசில் அடித்தால் நிறுத்துவேன், இரண்டு அடித்தால் எடுப்பேன். ஏழு வருஷத்தில் இடதுபக்கக் கண்ணாடியை நான் நிமிர்ந்து பார்த்தது மிகக் குறைவு. அங்கே நீ இருந்தாய், எனக்கு அது போதும்.

முதலாளி அந்தக் காலத்தில் கடைகளில் ஒரு ரூபாய் போன் வைத்திருந்தார். செல்போன் வந்ததும் அவற்றைத் தொடுவார் இல்லை. போன்களைக் கழற்றும்போது அவற்றின் வயிற்றில் இருந்த காசுப் பெட்டிகள் மிஞ்சின. காசு உள்ளே போகும், கம்பி விட்டாலும் காந்தம் விட்டாலும் வெளியே வராது. பிளவுக்குக் கீழே தகடுகளை அப்படி மடக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒன்றைக் கொண்டுவந்து என் இருக்கைக்குப் பக்கத்தில் வெல்டிங் வைத்தார்.

"எங்க ஏறினாலும் மூணு ரூபா. முன்னால ஏறி இதுல போடணும், பின்னால எறங்கணும். நீ காசு உள்ள வியிற சத்தத்த கேட்டாப் போதும்," என்றார் என்னிடம்.

பிறகு உன் பக்கம் திரும்பினார். "உனுக்கு வேற ஏதாச்சும் பாத்துக்கோப்பா. பேப்பர்ல உன் பேரு இருக்கட்டும். கண்டக்டர் இல்லாம பெர்மிட்டு ஆவாது."

நீ கோபப்படவில்லை. அந்தக் கடைசி வாரம் முழுக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஏறியவர்களுக்கெல்லாம் எங்கே போட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாய். "இனிமே இதாம்மா உங்க கண்டக்டரு. பேசாது, ஆனா மறக்காது," என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

மாகறல் பக்கம் அரிசி ஆலையில் உனக்கு வேலை கிடைத்தது. காலையில் நம் வண்டியிலேயே வருவாய். முன்னால் ஏறி மூன்று ரூபாயைப் போட்டுவிட்டு, பின்படிக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்வாய். ஆலை வேலை கொஞ்ச நாளைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்கு நீ பதிவு செய்து வருஷக் கணக்காகியிருந்தது. இன்டர்வியூ கார்டு எந்த நேரமும் வரலாம் என்று கேள்விப்பட்டிருந்தாய். புதுச் சட்டை, பேன்ட் தைக்க என்று பணத்தைத் தனியாக மடித்து மேல்பாக்கெட்டிலேயே வைத்திருந்தாய்.

அந்தக் காலைதான் என் கண்ணிலிருந்து போகவே இல்லை. கழனிக்குப் பிரியும் நிறுத்தம். முன்னால் ஒருவர் ஏறி, புதிதாக வந்த பெரிய இரண்டு ரூபாய் நாணயத்தைப் பிளவில் திணித்தார். அது பாதியில் மாட்டிக்கொண்டது. நான் குனிந்து உள்ளங்கையால் பெட்டியைத் தட்டினேன். இரண்டு தட்டு, மூன்று தட்டு. காசு உள்ளே விழுந்தது. அந்தச் சத்தம் கேட்ட திருப்தியில் கிளட்சை விட்டேன்.

"நைனா, இரு! இரு!" என்று பின்னாலிருந்து நீ கத்தினாய்.

நடவுக்குப் போக இறங்கிக்கொண்டிருந்த கன்னியம்மாவின் கால் அதற்குள் பின்சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது.

ஆம்புலன்ஸ் எல்லாம் நம் பக்கம் வராத காலம். அந்த வண்டியிலேயே உத்திரமேரூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். வாடகைக் கார்க்காரர் முன்பணம் கேட்டார். காலை நேரம், ஏறியவர்கள் எல்லாரும் கூலிக்காரர்கள், டிக்கெட்டுக்கு மேல் யாரிடமும் இல்லை. என் சட்டையில் டீக்காசுதான் இருந்தது. பக்கத்தில் பெட்டி நிறையக் காசு. சாவி முதலாளியிடம், அவர் காஞ்சிபுரத்தில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். யாரோ ஜாக்கி லிவரை எடுத்து மூலையில் ஓங்கி ஓங்கி அடித்தார். பெயிண்ட் உதிர்ந்தது. உள்ளே காசு குலுங்கியது, பெட்டி திறக்கவில்லை. கன்னியம்மா சீட்டில் படுத்தபடி அந்தச் சத்தத்துக்கெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

நீ லிவரைப் பிடுங்கிக் கீழே போட்டாய். மேல்பாக்கெட்டில் இருந்ததை அப்படியே எடுத்துக் கார்க்காரர் கையில் வைத்தாய்.

"வண்டிய எட்றா."

அவளை ஏற்றி அனுப்பிய பிறகு போலீஸ் வந்தது. எஸ்.ஐ. கேட்டார், "கண்டக்டர் யாரு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் இல்லை, பெட்டிதான் இருக்கிறது, நான் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். என் மூத்தவள் அப்போது மூன்றாம் வகுப்பு, சின்னவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. இதை இப்போது சாக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு என் நாக்கு அதைப் பிடித்துக்கொண்டுதான் அடங்கிக் கிடந்தது.

"நான்தான் சார்," என்று உன் குரல் கேட்டது. "அந்த அம்மா எறங்கறதுக்குள்ள அவசரப்பட்டு விசில் குட்த்துட்டேன். ட்ரைவர் மேல தப்பு இல்ல."

பைக்கில் வந்து இறங்கிய முதலாளி உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரே நொடியில் புரிந்துகொண்டார். "ஆமா சார், நம்ம கண்டக்டர்தான்," என்றார்.

ஸ்டேஷன் வாசலில் உன் கையைப் பிடித்து, "ஏன்டா?" என்று கேட்டேன்.

"உனுக்கு ரெண்டு கொயந்தைங்க கீது. நான் ஒண்டிக்கட்டை. போய்ச் சோறு துண்ணு போ," என்றாய்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டாய். அபராதம் கட்டினாய். கண்டக்டர் லைசென்ஸ் முடங்கியது. அது முடங்கிக் கிடந்த மாதங்களிலேயே உனக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. நீ போகவில்லை. முதலாளி பயந்துபோய்ப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு புதுக் கண்டக்டரைப் போட்டார். லைசென்ஸ் இருக்கிறவர் வேண்டும் அல்லவா. அவரும் நன்றாகத்தான் விசில் அடித்தார். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்றுபோனது.

உன்னைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. அப்புறம் அதுவே பழகிவிட்டது. நீ ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கினாய். லீவில் இரண்டு முறை என்னைத் தேடி வந்தாய். முதல் முறை சந்தைக்கு அவசரமாகப் போவது போலப் பையை எடுத்துக்கொண்டு நழுவினேன். இரண்டாவது முறை மகளை வாசலுக்கு அனுப்பினேன்.

"அப்பா வூட்ல இல்ல மாமா."

"சரிம்மா. வந்துட்டுப் போனேன்னு சொல்லு."

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் செருப்புச் சத்தம் தெருமுனை போகும்வரை மூச்சு விடவில்லை. அதன் பிறகு நீ வரவில்லை. நீ இறந்த செய்தி மூன்று நாள் கழித்து டீக்கடையில்தான் எனக்குத் தெரிந்தது. மாரடைப்பு, டியூட்டி நாற்காலியிலேயே போய்விட்டாய் என்றார்கள். காரியத்துக்கும் நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவேன்?

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். மகள் தாம்பரத்தில், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மாவும் அங்கேயே. மகன் வேலைக்கென்று கோயம்புத்தூர் போனவன். நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும் நேரம்தான் ரொம்ப நீளம்.

பெட்டியைப் பார்த்த மறுநாள் மாகறலுக்குப் போனேன். கன்னியம்மாவின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். காலில் மூன்று விரல் எடுத்துவிட்டார்கள், சேற்றில் நிற்க முடியாமல் நடவை விட்டுவிட்டாள் என்று அப்போதே கேள்விப்பட்டிருந்தேன். இப்போது இரண்டு ஆடு வளர்க்கிறாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கி விசிலே அடிக்கலம்மா. நான்தான் பாக்காம வண்டிய எடுத்துட்டேன்."

அவள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியும்ப்பா. எறங்குனது நான்தானே? விசில் அடிச்சா எனுக்குக் கேக்காதா?"

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"போலீசுல ஏன் சொல்லல?"

"அவருதான் வாணாம்னாரு. ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம ஆசுபத்திரிக்கி வருவாரு. பயம், ரொட்டி வாங்கியாந்து வெச்சிட்டு, சொல்லாதம்மான்னு கெஞ்சிகினு இருப்பாரு. வூட்டுக்கு வந்தப்பறமும் பொங்கலுக்குப் பொங்கலு வந்துகினுதான் இருந்தாரு. நான் கேட்டேன், உன் சிநேகிதரு இன்னா ஒரு வாட்டியும் வரலியேன்னு. அவன் என்னப் பாத்தா தல குனியறாம்மா, எனுக்கு அத்தப் பாக்க முடியல, அவனா ஒரு நாளு வருவான்னாரு."

தழையைக் கட்டி முடித்து என்னைப் பார்த்தாள். "திருப்புட்குழில அவரு தங்கச்சி ஒண்ணு கீதாமே, அதுக்கு இதெல்லாம் தெரியுமா?"

தெரிந்திருக்காது என்று தலையாட்டினேன்.

"போய்ச் சொல்லிடு."

நேற்று திருப்புட்குழிக்குப் போனேன். உன் தங்கை வீட்டுக் கூடத்தில் உன் படம் மாட்டியிருக்கிறது. கண்டக்டர் லைசென்ஸுக்காக எடுத்ததைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அதில் நீ இருபத்தைந்து வயதில் நேராகப் பார்க்கிறாய். அதற்குக் கீழே உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து எல்லாம் சொன்னேன். பெட்டி, மாட்டிக்கொண்ட காசு, எஸ்.ஐ. கேட்டது, நான் தரையைப் பார்த்தது. அவள் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவள் திட்டவில்லை. நிமிர்ந்து உன் படத்தைப் பார்த்தாள்.

"கையில வந்த கவுருமென்டு வேலைய அஜாக்கிரதையால தொலச்சிட்டான்னு அண்ணன் கூட நான் சரியாவே பேசல," என்றாள். "ஒரு பொம்பளைய நொண்டியாக்குன கையின்னு எங்க வூட்டுக்காரரு முன்னாலயே சொல்லிக்கீறேன். எல்லாத்தயும் கேட்டுகினு சோத்தத் துண்ணுட்டுப் போவும். ஒரு நாளும் வாயத் தொறக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இத்தினி வருசக் கோவம். நான் இப்ப அத யாருகிட்டப் போய் மன்னிச்சிடுன்னு சொல்லுவேன், நீயே சொல்லு."

நான் உன் வேலையைத்தான் எடுத்துக்கொண்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் தங்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது நேற்றுதான் தெரிந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பினேன். வாசல்வரை வந்தவள், "அடுத்த மாசம் அண்ணனுக்கு வருசாப்தி. வந்துடுண்ணே," என்றாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, அவள் வீட்டுக்காரர் முன்னால், இதையெல்லாம் இன்னொரு முறை சொல்ல வேண்டும். தலை நிமிர்ந்து சொல்ல வருமா தெரியவில்லை. சொல்லிவிடுவேன்.